கண் திறந்த ராட்டினக் குதிரை

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த முதல் வாரத்திலேயே நான் ஆசாரியிடம் திட்டு வாங்கினேன். நெல் குத்தி முடித்து, உலக்கையைத் தரையில் கிடத்திவிட்டு நிமிர்ந்தால், கொல்லைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"படுக்க வைக்காத தாயி. அவிய நின்னே பழகினவிய."

யாரைச் சொல்கிறார் என்று சுற்றிலும் பார்த்தேன். அங்கே நானும் உலக்கையும்தான் இருந்தோம்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் ஆசாரி, எனக்கும் அப்படியே. எங்கள் மாட்டுத்தொழுவத்தை ஒட்டி ஒரு கூரைக்கொட்டகை உண்டு. என் மாமனார் காலத்தில் வாசக்கால் மாற்ற வந்தவர், அந்தக் கொட்டகையில் உளிப்பெட்டியை வைத்தார். வாசக்கால் வேலை முடிந்தது, போக மறந்துவிட்டார் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். மெலிந்த தேகம். புருவத்தில் எப்போதும் மரத்தூள் இருக்கும். வெயில் நேரத்தில் அந்தத் தூள் பொன்னாகத் தெரியும்.

கட்டில், கதவு, கலப்பை எல்லாம் செய்வார். ஆனால் சுற்று வட்டாரத்துக் கிராமக் கோயில்களுக்குச் சாமி புறப்பாட்டு வாகனங்கள் செய்வதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலை. காளை, யானை, மயில், அன்னம் என்று அந்தக் கொட்டகையிலிருந்து புறப்பட்டுப் போகும். தேவதானம் பக்கத்து ஊருக்கு ஒரு காளை வாகனம் போனபோது நான் பார்த்தேன். காளை வண்டியில் நின்றது. அவர் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தபடி காளைக்குக் குடை பிடித்துக்கொண்டு போனார். சித்திரை வெயில். அவர் தலையில் துண்டுகூட இல்லை.

வாகனத்துக்குத்தான் அந்த மரியாதை என்று நினைத்தால் அது தப்பு. மரத்தில் ஆன எதற்கும் அவரிடம் அதே மரியாதைதான். முக்காலிக்கும், அரிவாள்மணைக் கட்டைக்கும், பல்லாங்குழிக்கும் 'அவிய, இவிய' தான். மனிதர்களுக்குத்தான் நீ, வா, போ. அதில் வயசு, அந்தஸ்து என்று எந்தப் பேதமும் கிடையாது. ஒரு தடவை தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவர் ஆடுகிற நாற்காலி ஒன்றை ஆள்மேல் ஏற்றிக்கொண்டு வந்து, உடனே சரிசெய்து தரவேண்டும், உட்கார நாற்காலி இல்லை என்று அவசரப்படுத்தினார். நல்ல பருத்த சரீரம் அவருக்கு. ஆசாரி நாற்காலியைச் சுற்றிவந்து ஒவ்வொரு காலையும் தொட்டுப் பார்த்தார்.

"உன்னையத் தாங்கித் தாங்கி இவியளுக்கு இடுப்புப் போச்சு. இன்னும் நாலு நாளைக்கு நீ நில்லு, இவிய உக்காரட்டும்" என்றார்.

குமாஸ்தா முகம் சிவந்து போய்விட்டார். ஆனால் நாலு நாள் கழித்து வந்து வாங்கிக்கொண்டுதான் போனார். அந்த நாற்காலி பிறகு ஆடவில்லை.

எந்த மரத்திலும் உளி வைக்குமுன் அவர் "உத்தரவா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் இருப்பார். சில சமயம் சரி என்று தலையாட்டிவிட்டு ஆரம்பிப்பார். சில சமயம் அந்த மரத்தை மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வார். அப்படிச் சாய்த்த வேங்கைப் பலகை ஒன்று இரண்டு வருஷமாகச் சுவரோரம் நின்றது. என் மாமியாருக்கு அது தாங்காது. அத்தை கிணற்றடியிலிருந்தே கேட்பார்கள்.

"ஏன் ஆசாரி, அந்தப் பலகை இன்னும் மனசு வைக்கலையாக்கும்?"

"இவிய மலையில இருநூறு வருசம் நின்னவிய. உனக்கும் எனக்குமா அவசரப்படுவாக?"

"பாத்தியாட்டி, மரத்துக்கு இருக்க மரியாதை எனக்கு இல்ல" என்று அத்தை என்னிடம் சொல்வார்கள். கோபம் மாதிரி இருக்கும். ஆனால் அன்றைக்கு அவருக்குப் போகிற மோரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று தாமே ஒரு வாய் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்த காலம் அது. ஒரு ஆனி மாதக் கடைசியில் ராஜபாளையத்திலிருந்து ஒரு கட்டைவண்டி வந்து எங்கள் கொல்லையில் நின்றது. வைக்கோலுக்கு மேலே நாலு கால் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. நாலு என்றது தப்பு. மூன்றரை.

வண்டியோடு வந்தவர் ராட்டினக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மதுரையில் கூடாரம் கலைத்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி விட்டுப்போன குடை ராட்டினம் அவர் கைக்கு வந்திருந்தது. குடை மாதிரி மேலே துணி விரிந்திருக்கும். அதன் கீழே இரும்புக் கம்பிகளில் எட்டு உருப்படி தொங்கும். நாலு குதிரை, இரண்டு யானை, ஒரு சிங்கம், ஒரு மயில். இரண்டு ஆட்கள் தள்ள, அவை சுற்றிச் சுற்றி வரும். வண்டியில் கிடந்தது அந்த நாலு குதிரைகளில் ஒன்று. போன வருஷ மழையில் அது கீழே விழுந்து முன்னங்கால் ஒடிந்து, ஒரு காது போய், வயிற்றில் கரையானும் ஏறியிருந்தது.

ராட்டினத்தில் ஒரு பக்கம் கனம் குறைந்தால் குடை சாய்ந்து அச்சில் உரசும். அதற்காகக் குதிரை இருந்த இடத்தில் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டு எட்டு மாதம் ஓட்டியிருக்கிறார். மணல் மூட்டையில் எந்தப் பிள்ளை ஏறும்? பின்னால் வருகிற மயிலிலும் யாரும் ஏறவில்லை. மூட்டை ஒழுகி, மயிலில் உட்கார்ந்த பிள்ளைகளின் கண்ணில் மணல் விழுந்ததாம். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகள் சிரிக்கிறதைக் கேட்டு அலுத்துவிட்டது என்றார். எங்கள் ஊர் ஆடித் தேரோட்டத்துக்குள் குதிரை எழுந்து நிற்காவிட்டால் குடையை மடக்கி வைத்துவிட்டு, பஞ்சுக் கிட்டங்கிக்கு மூட்டை தூக்கப் போய்விடுவதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கை குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தது.

குதிரை வாயைத் திறந்து எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர் வாகனக் குதிரைகள் அப்படி இராது. அவை வாயை மூடிக்கொண்டு கம்பீரமாக நிற்கும். அத்தை எட்ட நின்று பார்த்துவிட்டு, இது சிரிக்கிறதா கடிக்கிறதா என்று கேட்டார்கள்.

"தூர தேசத்துலருந்து வந்திருக்காக. நம்ம பாஷை தெரியாது. அதான் எல்லாத்துக்கும் சிரிக்காக" என்றார் ஆசாரி. பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, அவியளைக் காலைப் பிடித்து இழுக்கக்கூடாது, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து இறக்கவேண்டும் என்று சொல்லி, கொட்டகையில் புது வைக்கோல் பரப்பி இறக்கினார்.

அன்றைக்கு அவர் உத்தரவு கேட்க ரொம்ப நேரம் ஆயிற்று. கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருந்தார். பிறகு எழுந்து நேரே சுவரோரம் போய் அந்த வேங்கைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இவியளும் சரின்னுட்டாக" என்றார். இரண்டு வருஷம் மனசு வைக்காத பலகை அந்தக் குதிரையின் வயிறாகப் போயிற்று.

கால்தான் பெரிய பாடு. அந்தக் குதிரை முன்னங்காலை மடக்கி ஓடுகிற மாதிரிச் செய்தது. நேர்க்கட்டையில் முழங்கால் செதுக்கினால் மடிப்பில் ஒடிந்துவிடும். மடங்கின கால் வேண்டுமென்றால் மடங்கின கொம்பாகவே வேண்டும் என்று சொல்லி, செண்பகத்தோப்புப் பாதையில் மூன்று நாள் மரங்களை அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். மூன்றாம் நாள் ஒருவர் தோட்டத்து வாகையில் அந்த வளைவு கிடைத்தது. கொம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வாசலைத் தாண்டும்போது, கொம்பை என் பக்கம் திருப்பி, "பாரு தாயி, முட்டு தெரியுதா?" என்றார். உளி படாத கொம்பில் எனக்கு முழங்கால் தெரிந்தது. அவர் சொன்ன பிறகு தெரிந்ததா, முன்பே இருந்ததா, இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

பழைய சாயத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினார். பச்சைக்குக் கீழே சிவப்பு. சிவப்புக்குக் கீழே வெள்ளை. வெள்ளையின்மேல், கழுத்தோரம், நகத்தளவு ரோஜாப் பூக்கள் கொடியோடு ஓடியிருந்தன. எந்தத் தேசத்திலோ ஒருவர் உட்கார்ந்து அத்தனை பொறுமையாக வரைந்திருக்கிறார். அந்தப் பூக்களைச் சுரண்டாமல் அப்படியே விட்டுவிட்டு, அழிந்துபோன இடங்களில் தாம் ஒன்றிரண்டு சேர்த்தார். அவருக்கு ரோஜா வராது. அவர் சேர்த்ததெல்லாம் தாமரையாக இருந்தது. புளியங்கொட்டைப் பசையில் துணியை நனைத்து விரிசல்களில் ஒட்டினார். வாலுக்குத்தான் முடி வேண்டும். ரயிலடி ஜட்கா வண்டிக்காரர்களிடம் சொல்லிவைத்து, குதிரை தேய்க்கும்போது உதிர்கிற வால்மயிரைச் சேர்த்து வாங்கினார். கருப்பு, செம்பட்டை, நரை எல்லாம் கலந்த வால். அத்தை, இது நாலு குதிரைக்குச் சொந்தமான வால் என்றார்கள்.

கடைசியாகக் கண். பழைய கண்ணாடிக் கண் ஒன்று காணாமல் போயிருந்தது, இன்னொன்று உடைந்திருந்தது. அவர் இரண்டையும் மரத்திலேயே செய்து பதித்தார். கருவிழி மட்டும் எழுதவில்லை. நல்ல நாள் பார்த்தார்.

நான் இந்த இடத்தில் கொஞ்சம் விவரம் சொல்லவேண்டும். வாகனத்துக்கு எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். குளித்து, விரதம் இருந்து, நல்ல நேரத்தில் கருவிழி எழுதுவார்கள். திறந்த கண் முதலில் மங்கலமானவற்றைப் பார்க்கவேண்டும். கண்ணாடி, கன்றோடு பசு, நெல் குவியல், சுமங்கலி. அவர் வாழ்நாளில் வேறு மாதிரிக் கண் எழுதியது கிடையாது. ஆகவே அன்றைக்கும் விடியலில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு வந்தார். எங்கள் பசுவும் கன்றும் பக்கத்திலேயே நின்றன. நெல் அத்தை கொடுத்தார்கள். கண்ணாடி என்னுடையது, கல்யாணச் சீர். சுமங்கலியும் நான்தான்.

அவர் கருவிழியை எழுதிவிட்டு விலகினார். அந்த மரக்குதிரை என்னைப் பார்த்தது. என் கை தானாகக் கூப்பிக்கொண்டது. அத்தை கற்பூரம் ஏற்றினார்கள். அப்போது எங்களில் ஒருத்தருக்கும், இது பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டு ஏறுகிற குதிரை என்பது நினைவில் இல்லை.

மத்தியானத்துக்குள் தெருவே வந்துவிட்டது. ஒருத்தி மாலை போட்டாள். ஒருத்தி மகளுக்கு வரன் அமையவேண்டி வாலில் மஞ்சள் கயிறு கட்டினாள். அடுத்த நாள் ராட்டினக்காரர் வண்டியோடு வந்து பார்த்தபோது, அவருடைய குதிரை கழுத்து நிறைய மாலையோடு நெற்றியில் நாமத்தோடு நின்றது. பெண்கள் மூன்று சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆசாரிகாரு, இப்படிச் செஞ்சிட்டீங்களே. நான் குதிரையத்தானே கேட்டேன். இதுல எந்தப் புள்ளையக் கால் வச்சு ஏறச்சொல்வேன்? எனக்கே மனசு வருமா?"

ஆசாரி மாலையை ஒதுக்கிக் குதிரையின் காலைத் துடைத்தார்.

அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கண் திறந்தது வாகனம், அதன்மேல் பிள்ளைகள் சவாரி போகக்கூடாது. போகத்தான் வேண்டுமென்றால் எழுதின கண்ணை அழித்து, வெறும் மரமாக்கிவிட்டுக் கொண்டுபோகட்டும். தெருவும் அதையே சொன்னது. ராட்டினக்காரருக்கும் வேறு வழி தெரியவில்லை. தேருக்கு எட்டு நாள்தான் இருந்தது. தயங்கித் தயங்கி, கண்ணை மட்டும் வெள்ளைச் சாயத்தால் மூடித்தர முடியுமா என்று கேட்டார்.

ஆசாரி தம் கையை விரித்துப் பார்த்தார்.

"ஆயிரம் வேல செஞ்ச கை. அவியளக் குருடாக்க எங்கைக்குத் தெரியல."

அன்றைக்கு அனுப்பின மோர் அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் காலையில் நான் பால் கறக்கப் போனபோது அவர் குதிரையின் காதருகே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து முகம் கழுவப் போனார். அதன்பிறகு அவரே அத்தையிடம் வந்து, பூக்கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் செய்யலாமா வேண்டாமா என்று தெரியாதபோது அப்படித்தான் செய்வார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. அத்தை சம்மதித்தார்கள். வெள்ளை வந்தால் கண் திறந்தபடியே குதிரை ராட்டினத்துக்குப் போகும், பிள்ளைகள் ஏறலாம். சிவப்பு வந்தால் ஆசாரி தம் கையால் கண்ணை மூடவேண்டும். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பூக்கட்டுகிற வேலை எனக்கு வந்தது. "குளிச்சிட்டுக் கட்டு, ஏட்டி. யாரும் பாக்கக்கூடாது" என்றார்கள் அத்தை. குளித்துவிட்டு ஈரச்சேலையோடு கொல்லைக்குப் போனேன். நந்தியாவட்டை வெள்ளையாகப் பூத்துக்கிடந்தது. பக்கத்திலேயே செவ்வரளி. நந்தியாவட்டையில் ஒன்று பறித்தேன். கை அரளிப் பக்கம் போயிற்று. போன கை நின்றுவிட்டது. கிணற்றடியிலிருந்து பார்த்தால் எங்கள் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும். நான் அதைப் பார்த்துச் சொன்னேன்: அம்மா, பெருமாளுக்கு என்று உன் அப்பா கட்டின மாலையை நீ யாருக்கும் தெரியாமல் கழுத்தில் போட்டுப் பார்த்தவள். பூ விஷயத்தில் ஒருத்தி தப்புச் செய்தால் அது எதனால் என்று உனக்குத் தெரியும். சொல்லிவிட்டு இன்னொரு நந்தியாவட்டையைப் பறித்தேன்.

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான்.

கொட்டகையில் குதிரைக்கு முன்னால் ஆண்டாள் படம் வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். தெரு முழுக்க நின்றது. ராட்டினக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தெலுங்கில் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மூன்று வயசுப் பெண்குழந்தையை விட்டார்கள். அது பொட்டலத்தை விட்டுவிட்டுக் குதிரையின் வாலைப் பிடித்தது. திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போயிற்று. அத்தை பிடுங்கி நாரை அவிழ்த்தார்கள். வெள்ளை.

ராட்டினக்காரர் அழுதுவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். அப்போது அத்தையின் கண் மற்றப் பொட்டலத்தின்மேல் போயிற்று. அதையும் பார்த்துவிடுவது அவர்கள் சுபாவம். அத்தை குனிவதற்குள் ஆசாரி அதை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். மடியில் செருகிக்கொண்டார். பிறகு, "மசமசன்னு நிக்காம வண்டியக் கொண்டா" என்று ராட்டினக்காரரை அதட்டினார்.

அந்த ஆடித் திருவிழாவைப் போல ஒரு திருவிழா நான் பார்க்கவில்லை. தேரடிக்குப் பக்கத்து மைதானத்தில் குடை விரிந்தது. மணல் மூட்டையைக் கழற்றுகிறபோது ராட்டினத்து ஆள் அதை எட்டி உதைக்கப் போனான். ஆசாரி அவனை நிறுத்தினார். எட்டு மாதம் குதிரை உத்தியோகம் பார்த்தவியளை இப்படியா அனுப்புவது என்று கேட்டார். தாமே தூக்கிக்கொண்டு போய், ஒரு வேம்பின் அடியில் பதமாகச் சாய்த்து மணலைக் கொட்டினார். மரமல்லாத ஒன்றுக்கு அவர் மரியாதை கொடுத்து நான் பார்த்தது அந்த மூட்டைக்குத்தான்.

அத்தை சும்மா இருப்பார்களா? உத்தரவு வந்தாலும் வாகனம் வாகனம்தான் என்று சொல்லி, ஒரு குடம் தண்ணீரும் செம்புமாக ராட்டினத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் குதிரையில் ஏறுகிற பிள்ளைகள் காலைக் கழுவிவிட்டுத்தான் ஏறவேண்டும். வந்த பிள்ளைகளெல்லாம் அதில் ஏறத்தான் முட்டி மோதின. சேத்தூரிலிருந்து வந்த பிள்ளை, மலையடிவாரத்திலிருந்து வந்த பிள்ளை, ராஜபாளையத்து மாதாகோயில் தெருப் பிள்ளை, எல்லாவற்றின் காலிலும் அத்தை தண்ணீர் ஊற்றினார்கள். முதல் நாள் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கூட்டம் நெருக்கவும் கேட்கிறதை விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள், "வாரும், வாரும், பாதத்த நீட்டும்" என்று சாமியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கத்திலும் மற்றக் குதிரைகளிலும் ஏறக் கூப்பிட ஆள் வைக்கவேண்டியதாயிற்று.

நான் எட்ட நின்று பார்த்தேன். சுற்று வரும்போதெல்லாம் அந்தக் கண் என்னைக் கடந்து போகும். உள்ளே இனிப்பும் உறுத்தலும் கலந்து இருந்தது. பெருமாள் சந்நிதியிலும் தாயார் சந்நிதியிலும் மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வருஷங்கள் போயின. எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களும் அந்தக் குதிரையில் கால் கழுவி ஏறினார்கள். ஒருநாள் அத்தை பெருமாள் திருவடி சேர்ந்தார்கள். குடமும் செம்பும் என் கைக்கு வந்தன.

உலக யுத்தம் நடந்த சமயம், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம், ஒரு ஆடி மாதம். தேருக்கு மறுநாள். மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. கூட்டம் கலைந்து, மைதானத்தில் ராட்டினம் சும்மா நின்றது. ஆசாரி நன்றாகத் தளர்ந்துபோயிருந்தார். ஆனாலும் வருஷா வருஷம் குதிரைக்கு உடம்பு எப்படி என்று பார்க்க வந்துவிடுவார். அன்றைக்கும் துண்டால் அதன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறு யாருமில்லை. எனக்கு என்ன தோன்றிற்றோ, குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஆசாரி, அன்னைக்கு நான் ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சுக் கட்டினேன். சாமி முன்னால பொய் பண்ணிட்டேன். இம்புட்டு வருசமா நெஞ்சுக்குள்ள கிடக்கு."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் தாயி. காலம்பற முகம் கழுவ வந்தப்ப அரளி மொட்டும் பூவுமா நின்னாக. பூக்கட்டிப் பாக்கையில திரும்பிப் பாத்தேன், அதே மாதிரி நின்னாக. ஒண்ணு குறையல. அதான் மத்தப் பொட்டலத்த மடியில வச்சேன்."

அப்படியானால் நாம் இரண்டு பேருமாகத்தானே தெருவை ஏமாற்றினோம், அது பாவமில்லையா என்று கேட்டேன். அவர் குதிரையின் கழுத்தில் ரோஜாவும் தாமரையுமாக ஓடுகிற கொடியை விரலால் தடவினார்.

"நான் முந்தியே இவியட்டக் காதுல கேட்டுட்டேன். புள்ளைகளச் சுமக்கீகளான்னு கேட்டேன். அதுக்குத்தான் கடல் தாண்டி வந்தேன்னுட்டாக. பொறவு பூவு எதுக்கு? அது உன் மாமியா மனசு ஆறுறதுக்கு."

சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். இவிய கண் திறந்து முதன்முதலில் பார்த்தது உன்னைத்தானே, நீ ஒரு நாளாவது ஏறினாயா என்று கேட்டார். நான் மூன்று பிள்ளை பெற்றவள், தெருவில் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. குடத்தைச் சாய்த்துச் செம்பில் தண்ணீர் மொண்டார். அந்த வயசான மனுஷர் குனிந்து என் காலில் தண்ணீர் ஊற்றினார். நான் பதறிப்போனேன். அதற்குமேல் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பக்கமாகக் கால் போட்டு ஏறினேன். முதுகு ஈரமாக, குளுமையாக இருந்தது. எனக்கு முன்னால் அந்தப் பிடரியும் விறைத்த காதும், அதற்கப்பால் மழையில் நனைந்த கோபுரமும் தெரிந்தன. ராட்டினக்காரர் எங்கிருந்தோ பார்த்துவிட்டு ஓடிவந்து, சிரித்துக்கொண்டே தள்ளுகட்டையைப் பிடித்தார். ஆசாரி குதிரையின் காதருகே குனிந்தார்.

"பாத்து, மெதுவாப் போங்க. நமக்காகப் பொய் சொன்னவிய ஏறியிருக்காக."